ஹார்மோன்களும் புற்றுநோயும்: ஹக்கின்ஸ் ஆய்வு உணர்த்தும் பாடம்

புற்றுநோய்ச் செல் ஒருமுறை தோன்றிவிட்டால் உடலின் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் அடங்காமல் தன்னிச்சையாகப் பெருகும் என்பதே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவ உலகில் பெரிதும் நிலவிய கருத்தாகும். எனவே, கட்டியை அறுவை முறையிலோ கதிர்வீச்சினாலோ அழிப்பதே வழி எனக் கொள்ளப்பட்டது. இக்கருத்தைச் சோதனைச் சான்றுகளால் மாற்றியமைத்தவர் சார்லஸ் ஹக்கின்ஸ். கனடாவின் ஹாலிபாக்ஸ் நகரில் 1901-இல் பிறந்த இவர், 1927 முதல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

ஹார்மோன்கள் என்பவை நாளமில்லாச் சுரப்பிகள் இரத்தத்தில் நேரடியாகக் கலக்கும் வேதிப்பொருள்களாகும். மிகச் சிறிய அளவிலேயே இவை தொலைவிலுள்ள உறுப்புகளின் வளர்ச்சியை நெறிப்படுத்துகின்றன. சினைப்பைகளை அகற்றியபின் மார்பகப் புற்று சுருங்கியதை கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896-இலேயே வெளியிட்டிருந்தார். எனினும், அதன் காரணம் அன்று விளங்கவில்லை.

ஹக்கின்ஸ், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள ப்ராஸ்டேட் சுரப்பியை ஆராய்ந்தார். மனிதனைப் போலவே முதிய நாய்களுக்கும் இச்சுரப்பியில் இயல்பாகக் கட்டிகள் தோன்றுவதுண்டு. விரைகளை அகற்றியபோதும், பெண்மை ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜனைச் செலுத்தியபோதும் அக்கட்டிகள் சுருங்கின. 1941-இல் கிளாரன்ஸ் ஹாட்ஜஸுடன் இணைந்து, புற்று எலும்புகளுக்குப் பரவிய நோயாளிகளிடம் இம்முடிவை அவர் சோதித்தார். இத்தகையோரின் இரத்தத்தில் அமில பாஸ்படேஸ் என்னும் நொதி மிகுந்து காணப்படும். ஆண்மை ஹார்மோன் குறைந்தபோது நொதியின் அளவு தாழ்ந்தது. அதனைச் செலுத்தியபோது உயர்ந்தது. நோயின் போக்கை எளிய இரத்தச் சோதனையால் அளக்க முடிந்தது. பல நோயாளிகளின் எலும்பு வலியும் தணிந்தது.

இச்சிகிச்சையின் எல்லையையும் அறிதல் வேண்டும். பரவிய புற்று சில காலம் அடங்கியிருந்து, பின்னர் ஹார்மோன் குறைந்த நிலையிலும் வளரத் தொடங்குவதுண்டு. செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் இரத்தக் கட்டிகளையும் இதயக் கோளாறுகளையும் விளைவித்தமையால் அவற்றின் பயன் பிற்காலத்தில் குறைந்தது. ஆயினும், புற்றுநோயின் வளர்ச்சி உடலின் இயல்பான வேதிப்பொருள்களைச் சார்ந்திருக்கக் கூடும் என்னும் அடிப்படை உண்மை நிலைபெற்றது. 1966-இல் பெய்டன் ரவுஸுடன் ஹக்கின்ஸ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் 1997-இல் மறைந்தார்.

இவ்வழியில் அடுத்த படியை அதே சிகாகோவில் எல்வுட் ஜென்சன் எடுத்து வைத்தார். ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் என்னும் புரதங்கள் செல்களில் இருப்பதை அவர் கண்டறிந்தார். ஏற்பி உள்ள மார்பகப் புற்றுக்கே ஹார்மோன் சிகிச்சை பயன் தரும் என்பது இதனால் தெளிவாயிற்று. மார்பகச் செல்களில் அந்த ஏற்பியைத் தடுக்கும் டமாக்சிபென் மாத்திரை 1970-களில் நடைமுறைக்கு வந்தது. இன்று அது காப்புரிமைக் காலம் கடந்த, விலை குறைந்த மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது.

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றேயாகும். ஆகவே, திட்டமிடுவோர் இதனைப் பொருளாதார நோக்கிலும் ஆராய்தல் தகும். மாத்திரை மலிவாயிருப்பது மட்டும் போதாது. எடுக்கப்பட்ட திசுவில் ஏற்பி உள்ளதா எனச் சோதிக்கும் நோய்க்குறியியல் ஆய்வுக்கூடம் வேண்டும். சோதனையின்றி அளிக்கப்படும் மருந்து, ஏற்பியற்ற நோயாளிக்குப் பக்க விளைவுகளை மட்டுமே தரும். உரிய சிகிச்சைக்கான காலமும் வீணாகும். தகுதியுடைய நோயாளியோ ஐந்தாண்டுகளேனும் நாள்தோறும் இம்மருந்தை உட்கொள்ள வேண்டியுள்ளது. மாவட்ட மருத்துவமனையில் இருப்பு தீர்ந்து, பயணச் செலவுக்கு அஞ்சிச் சிகிச்சையை இடையில் நிறுத்துவாராயின், ஆய்வின் பயன் அவரைச் சேராது.

ஒரு சுரப்பியின் இயக்கத்தை அறியும் முயற்சியாகத் தொடங்கிய ஆய்வு, பல நாடுகளில் எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளது. அடிப்படை ஆய்வுக்குச் செலவிடும் தொகையைப் போன்றே, அதன் பலனைக் கடைக்கோடி நோயாளியிடம் சேர்க்கும் சோதனைக்கூடத்துக்கும் மருந்து வழங்கலுக்கும் ஒதுக்கும் தொகையும் வளர்ச்சிக்கான முதலீடேயாகும்.