இசைப்பிரதியும் கூத்தேடும்: மெட்டைப் பதிவுசெய்தல் குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

தருமபுரி மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இன்றும் நிகழ்த்தப்படுகிறது. அதற்கு ஆதாரமான கூத்தேடுகளில் தருவின் தலைப்பில் இராகப் பெயரும் தாளப் பெயரும் இருக்கும்; மெட்டு இராது. அவற்றைப் பதிப்பிக்கும் நாமும் பெரும்பாலும் பாடவேறுபாடுகளோடு அமைந்துவிடுகிறோம். இம்முறை கூத்தின் ஒரு பாதியையே காக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

மிலான் காப்பகம்

ஒப்புநோக்கத் தக்கது இத்தாலியின் மிலான் நகரிலுள்ள ரிக்கோர்டி வரலாற்றுக் காப்பகம். இசைப்பிரதி எழுதுபவராகத் தொழில் செய்த ஜியோவன்னி ரிக்கோர்டி 1808இல் பதிப்பகம் நிறுவினார். 1825இல் லா ஸ்காலா அரங்கின் இசைப்பிரதித் தொகுதியை விலைக்கு வாங்கினார். பிரதிகளை அரங்குகளுக்கு வாடகைக்கு விடுவதும் அவரது தொழிலாதலின் அவற்றைப் பேணுதல் வணிகத் தேவையாயிற்று. கலைப்பற்று ஒன்றே இத்தனை தாள்களைக் காத்திருக்குமா என்பது ஐயமே. வெர்டி, புச்சினி ஆகியோரின் கையெழுத்துப் பிரதிகள் உட்பட ஏறத்தாழ 7,800 இசைப்பிரதிகள் அங்குள்ளன. இசைநாடகங்களின் பாட்டு நூல்கள் அவற்றினின்று வேறான தொகுதி. பாட்டு நூல் சொல்லைத் தரும். இசைப்பிரதியே மெட்டைத் தரும். நம் கூத்தேடு பாட்டு நூல் வகையினது.

தமிழக முயற்சிகள்

மெட்டை எழுத்தில் வடிக்கும் முயற்சி இங்கு இல்லாமலில்லை. ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893இல் சென்னையில் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறிமானத்தில் வெளியிட்டார். கோடுகளில் அமரும் குறி சுரத்தின் நிலையைக் காட்டும். சுரங்களுக்கிடையே இழையும் கமகத்தை எளிதில் காட்டாது. 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சான ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கெனத் தனிக் குறிகளை அமைத்தார். அந்நூலை வெளியிட வேண்டுமென வற்புறுத்தியவர்களுள் முதலியாரும் ஒருவர் என்பது கருதத்தக்கது.

கூத்தேட்டுக்கு வேண்டுவது

இவ்வுழைப்பு கீர்த்தனைக்குக் கிட்டியது, தருவுக்குக் கிட்டவில்லை. கூத்தேட்டின் இராகப் பெயர் கருநாடக இசையின் வழக்கோடு எப்போதும் ஒத்திருப்பதில்லை. ஆதலின் தலைப்பை மட்டும் கொண்டு மெட்டை மீட்க இயலாது; அத்தலைப்பு, முன்பே பாடமறிந்த வாத்தியாருக்கான நினைவுக்குறி. அவருக்குப்பின் அது வெறும் பெயராகும். எனவே கூத்தேட்டைப் பதிப்பிப்போர் ஒவ்வொரு தருவையும் வாத்தியாரின் குரலிலேயே, பின்பாட்டும் முகவீணையும் சேர ஒலிப்பதிவு செய்து, சுரக்குறிப்பையும் பாடத்தின் அருகில் தரவேண்டும். குறிக்குள் அடங்காத இழைவை ஒலிப்பதிவு காட்டும். முதிய வாத்தியார்கள் மட்டுமே பாடும் தருக்களை முதலில் பதிவுசெய்வது முறை.