பதிவேட்டில் விடுபட்ட பதக்கங்கள்



அமெரிக்கப் படையில் பணி முடித்து வெளியேறுபவர் கையில் கொடுக்கப்படும் விடுவிப்புச் சான்றுக்கு டிடி 214 என்று பெயர். 1950 முதல் அது புழக்கத்தில் இருக்கிறது. எப்போது சேர்ந்தார், எந்தப் பிரிவில் இருந்தார், எந்தப் பதவியில் வெளியேறினார், என்னென்ன விருதுகள் பெற்றார் என்பதெல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். வீட்டுக் கடன் சலுகை, மருத்துவ உதவி, கடைசியில் கல்லறைக் கல் வரை, முன்னாள் படைவீரர் எதைக் கேட்டாலும் அரசு முதலில் பார்ப்பது அதைத்தான். அதில் எழுதப்படாத பதக்கம், அரசின் கண்ணுக்கு வழங்கப்படாத பதக்கம்.

பதக்கங்கள் விடுபடுவது அரிதல்ல. வியட்நாமிலிருந்து திரும்பிய பலர் கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் போன்ற தளங்களில் வந்திறங்கி, அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவர்கள். தட்டச்சில் உட்கார்ந்திருந்த எழுத்தர் முன்னால் அன்றைக்கு எந்தக் காகிதம் இருந்ததோ அதுதான் சான்றில் ஏறியது. விருதுக்கான ஆணை இன்னொரு தளத்தில் தாமதமாகிக் கிடந்தால் அது ஏறவில்லை. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்த இருபது வயது இளைஞர்கள் விருதுகளுக்கான கட்டத்தைச் சரிபார்க்கவும் இல்லை.

இன்னொரு வகை விடுபடலில் எழுத்தர் மேல் குறை சொல்ல முடியாது. அந்த விருது அப்போது அவர்களுக்கு உரியதாகியிருக்கவே இல்லை. வியட்நாம் குடியரசின் வீரச் சிலுவைப் படைப்பிரிவுப் பாராட்டு, அங்கே பணியாற்றிய அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுகள் அனைத்துக்கும் 1974-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் பொது ஆணையால் உரியதாயிற்று. அதற்கு முன்பே வீடு திரும்பியவர்களில் பலரின் சான்றில் அது இல்லாதது அதனால்தான். போர்க்கைதிப் பதக்கத்துக்கான சட்டம் 1985-இல்தான் வந்தது. ஆனால் அது 1917 வரை பின்னோக்கிச் செல்லும். கொரியப் போரில் சண்டையிட்டவர்களுக்குக் கொரிய அரசு 1951-இலேயே ஒரு பதக்கம் தர முன்வந்தது. அதை அணிய அமெரிக்கா 1999-இல்தான் ஒப்புக்கொண்டது. இவற்றில் அதிகம் பேருக்குத் தெரியாதது 1947-இல் எடுக்கப்பட்ட ஒரு முடிவு. இரண்டாம் உலகப்போரில் காலாட்படைப் போர்ச் சின்னமோ போர் மருத்துவச் சின்னமோ பெற்றவர், அதை வைத்தே வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கும் உரியவர் ஆகிறார். ஆனால் கேட்டவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. கேட்கலாம் என்று தெரியாமலே இறந்துபோனவர்கள் ஏராளம்.

மூன்றாவது காரணம் தீ. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் அருகே இருந்த தேசியப் பணியாளர் பதிவேட்டு மையத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்தது. சுமார் ஒரு கோடியே அறுபது லட்சம் முதல் ஒரு கோடியே எண்பது லட்சம் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் தொடங்கி 1960 தொடக்கம் வரை வெளியேறிய தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு போயிற்று. 1947 செப்டம்பருக்கும் 1964 தொடக்கத்துக்கும் இடையில் வெளியேறிய விமானப்படையினரில், அகரவரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின் வருபவர்களின் கோப்புகளில் 75 விழுக்காடு போயிற்று. நகல் எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை. கடற்படை, மரைன் கோப்புகளும் வியட்நாம் காலக் கோப்புகளும் பெரும்பாலும் இந்தத் தீயிலிருந்து தப்பியவை. ஆகவே 1968-இல் வியட்நாமில் இருந்தவரின் குடும்பத்தார் “எல்லாம் எரிந்துவிட்டதாமே” என்று கையை விரிப்பதற்குக் காரணமே இல்லை.

முதல் வேலை, கோப்பை வரவழைப்பது. எஸ்எஃப் 180 என்ற படிவத்தில் அஞ்சல் மூலமாகவோ தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளம் வழியாகவோ கேட்கலாம். வீரர் உயிருடன் இருந்தால் அவரே கையெழுத்திட வேண்டும். இறந்துவிட்டிருந்தால் மறுமணம் செய்யாத துணைவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோர் மட்டுமே நெருங்கிய உறவினராகக் கருதப்படுவர். பேரப்பிள்ளைகளுக்கும் மருமகளுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. மாமனாரின் காகிதங்களைத் தேடும் மருமகள் எல்லா வேலையையும் செய்யலாம். கையெழுத்து மட்டும் கணவருடையதாக இருக்க வேண்டும். வெளியேறி 62 ஆண்டு கடந்த கோப்புகள் பொது ஆவணமாகிவிடுவதால், அவற்றைக் கட்டணம் செலுத்தி யாரும் பெறலாம். மற்றபடி வீரருக்கும் நெருங்கிய உறவினருக்கும் பொதுவாகக் கட்டணம் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் இதை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் தனியார் இணையதளங்கள் உண்டு. அவற்றின் பக்கம் போகவே வேண்டாம்.

டிடி 214-இன் நகல் மட்டும் கேட்டால் போதாது, முழுக் கோப்பையும் கேட்க வேண்டும். வியட்நாம் காலத் தரைப்படைக் கோப்பில் டிஏ 20 என்றொரு அட்டை இருக்கும். அதன் 38-ஆம் கட்டத்தில் எந்தெந்தப் பிரிவில் எந்தத் தேதி வரை இருந்தார் என்பதும், 40-இல் பட்ட காயங்களும், 41-இல் விருதுகளும் கையாலோ தட்டச்சாலோ குறிக்கப்பட்டிருக்கும். விடுவிப்புச் சான்றில் காணாத பதக்கம் இந்த 41-ஆம் கட்டத்தில் உட்கார்ந்திருப்பது உண்டு. அப்படி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த நிலையில் ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் கண்டாக வேண்டும். வழங்கப்பட்ட விருது எழுதாமல் விடப்பட்டதா, பணியாற்றிய இடத்தாலும் காலத்தாலும் தானாக உரியதாகும் விருதா, அல்லது கிடைத்திருக்க வேண்டியது என்று குடும்பத்தார் நினைக்கும் விருதா? மூன்றுக்கும் வழி வேறு. பெரும்பாலானோர் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் நேரே கடைசி வாசலில் போய் நின்று, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, முதல் வாசலுக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

முதல் இரண்டு வகைகளும் எளியவை. ஆணையின் நகல் இருந்தாலோ, வியட்நாம் சேவைப் பதக்கம், தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம் போன்று தேதிகளை வைத்தே உறுதி செய்யக்கூடியதாக இருந்தாலோ, அந்தந்தப் படையின் விருதுப் பிரிவே பதிவைத் திருத்தலாம். தரைப்படையினரின் கோரிக்கையைச் செயின்ட் லூயிஸ் மையம் சரிபார்த்து, பதக்கம் அனுப்பும் வேலையை ஃபிலடெல்ஃபியாவில் உள்ள தரைப்படை அலுவலகத்திடம் ஒப்படைக்கிறது. கடற்படை, மரைன் கோரிக்கைகளைக் கவனிப்பது டென்னசி மாநிலத்தின் மில்லிங்டன். படைப்பிரிவுப் பாராட்டுகளுக்கு, வீரர் அந்தப் பிரிவில் இருந்த தேதியும் பாராட்டு பெற்ற காலமும் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். எந்தப் பிரிவுக்கு எது உரியது என்று தரைப்படையே பட்டியல் வெளியிட்டிருக்கிறது.

பர்ப்பிள் ஹார்ட் இவற்றில் தனி ரகம். அதற்கு எவரும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. தகுதி இருந்தால் அது உரிமை. ஆனால் மூன்றையும் காட்டியாக வேண்டும்: காயம் எதிரியின் செயலால் ஏற்பட்டது, அதற்கு மருத்துவ அலுவலரின் சிகிச்சை தேவைப்பட்டது, அந்தச் சிகிச்சை பதிவாகியிருக்கிறது. ஜீப் கவிழ்ந்து உடைந்த கால், மலேரியா எதுவும் கணக்கில் வராது. மன அழுத்த நோயும் வராது. வியட்நாமில் காயம்பட்டவரை ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டு போன மருத்துவமனையின் தளபதியே இந்தப் பதக்கத்தை வழங்க முடிந்தது. படுக்கையில் பதக்கம் குத்தப்பட்டிருக்கும். ஆணையின் நகல் அவருடைய படைக் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்கும். மருத்துவமனை எழுதிக்கொள்ளும் என்று கம்பெனியும், கம்பெனி எழுதிக்கொள்ளும் என்று மருத்துவமனையும் இருந்துவிட்டிருக்கும். இத்தகைய வழக்குகளை ஆராய்பவர்கள் டிஏ 20-இன் 40-ஆம் கட்டம், மருத்துவக் குறிப்புகள், வியட்நாமில் காயம்பட்டோர் பட்டியல் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். மூன்றிலும் ஒன்றும் இல்லையென்றால் உடலில் தெரியும் தழும்பு மட்டும் போதுவதில்லை. தழும்பு காயத்துக்குச் சாட்சி; காயத்தை ஏற்படுத்தியது யார் என்பதற்குச் சாட்சியல்ல.

சான்றைத் தேடும்போது ஒரே அளவுகோல் போதும்: சம்பவம் நடந்த காலத்திலேயே, விருதைப் பற்றிய எண்ணம் இல்லாமல் எழுதப்பட்ட காகிதத்துக்கே மதிப்பு அதிகம். கம்பெனிகள் நாள்தோறும் அனுப்பிய காலை அறிக்கையில் யார் காயம்பட்டார், யார் மருத்துவமனைக்குப் போனார் என்பது இருக்கும். தீயில் கோப்பு போனவர்களுக்கு இதுவும் கடைசிச் சம்பளச் சீட்டும் உயிர்நாடி. படைப்பிரிவுகளின் அன்றாடக் குறிப்பேடுகள் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வீட்டுக்கு வந்த தந்தி, தாய்க்கு எழுதிய கடிதம், உள்ளூர்ச் செய்தித்தாளின் துணுக்கு ஆகியவையும் உதவும். உடனிருந்த தோழர்களின் சாட்சியம், அவர்கள் கண்ணால் கண்டதை, தேதியும் இடமும் சேர்த்து, உறுதிமொழியுடன் எழுதினால் எடுபடும். “அவர் மிகத் துணிச்சலானவர்” என்ற நற்சான்று எடுபடாது.

விருதுப் பிரிவு மறுத்தால் அல்லது அதனால் தீர்க்க முடியாதென்றால்தான் படைப் பதிவேட்டுத் திருத்த வாரியத்துக்குப் போக வேண்டும். 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்கொண்டது இந்த ஏற்பாடு. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் கடலோரக் காவலுக்கும் தனித்தனி வாரியங்கள் உண்டு. கடற்படையும் மரைனும் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. முடிவெடுப்பவர்கள் சீருடையினர் அல்லர், குடிமக்கள். விண்ணப்பம் டிடி 149 படிவத்தில். தவறு தெரியவந்த 3 ஆண்டுக்குள் கேட்க வேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டு வாரியம் அதைத் தளர்த்தலாம். ஐம்பது ஆண்டுக்கு முந்திய வழக்குகளையும் ஏற்றுத் திருத்தியிருக்கிறார்கள். எனவே தாமதத்துக்கான காரணத்தை அதற்குரிய இடத்தில் வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. பதிவேடு சரியானது என்ற அனுமானத்தோடுதான் வாரியம் தொடங்கும். அதைத் தகர்க்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளும், கவுன்டிகளில் உள்ள படைவீரர் சேவை அலுவலர்களும் இலவசமாக உதவுவார்கள். மூலக் காகிதங்களை ஒருபோதும் அனுப்பக் கூடாது, நகல் போதும். பத்து விண்ணப்பங்களில் ஒன்பதைப் பத்து மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே ஓராண்டு பொறுத்திருக்க மனத்தைத் தயார்படுத்திக்கொள்வது நல்லது. மறுக்கப்பட்டாலும் புதிய சான்று கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம்.

எவரும் பரிந்துரைக்காத வீரச் செயலுக்கு இப்போது விருது கேட்பதுதான் மூன்றாவது வகை. அதைப் பதிவுத் திருத்தமாக நினைத்து அணுகுவது வீண். காலம் கடந்த பரிந்துரைகளை நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக முன்வைக்க ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. தரைப்படையில் டிஏ 638 என்ற பரிந்துரைப் படிவமும், சம்பவத்தை நேரில் அறிந்த அதிகாரியோ தோழரோ எழுதிய கூற்றும் வேண்டும். கடினமான வழி, சாட்சிகள் வயதாகி மறைந்துகொண்டிருப்பதால் நாளுக்கு நாள் இன்னும் கடினமாகிறது.

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பதக்கத்தின் உலோகம் சந்தையில் சில டாலருக்குக் கிடைக்கும். ஆனால் பதிவு வேறு வேலைகளைச் செய்கிறது. பர்ப்பிள் ஹார்ட் பெற்றவர் படைவீரர் மருத்துவத் துறையில் மூன்றாம் முன்னுரிமைப் பிரிவில் சேர்க்கப்படுகிறார். அதுவும் காலாட்படைப் போர்ச் சின்னமும் வீரர் நேரடிச் சண்டையில் இருந்தார் என்பதற்கு ஆதாரமாக ஏற்கப்படுவதால், ஊனத்தொகை வழக்குகளில் பாரம் குறைகிறது. இறந்தவரின் கல்லறைக் கல்லில் விருதின் பெயரைப் பொறிக்கவும் அதற்கான ஆவணம் வேண்டும்.

திருத்தம் ஏற்கப்பட்டால் பழைய சான்றைக் கிழித்துப் போட்டுப் புதியது தருவது வழக்கமில்லை. டிடி 215 என்ற திருத்தத் தாள் வரும். இரண்டும் சேர்ந்ததுதான் இனி முழுச் சான்று. பழைய தாளில் தாமே எதையும் தட்டச்சிட்டுச் சேர்ப்பது மோசடிக் குற்றம், அது உண்மையான விருதாகவே இருந்தாலும். பல கவுன்டி அலுவலகங்கள் டிடி 214-ஐப் பதிந்து வைத்துக்கொள்கின்றன. அங்கே பதியும் முன், அதைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் பழைய சான்றுகளில் சமூகப் பாதுகாப்பு எண் அப்படியே அச்சாகியிருக்கும். மருத்துவ உதவியோ ஊனத்தொகையோ பெறுபவராக இருந்தால், திருத்தத் தாளின் நகலை அந்தத் துறைக்கும் தனியே அனுப்பி வைக்க வேண்டும்.