தேவனுடைய வீட்டார்

ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்

வாசிக்க: மாற்கு 3:31-35, அப்போஸ்தலர் 11:19-30, எபேசியர் 2:11-22

வயது: 8 முதல் 13 வரை



"உன் ஊர் எது?" என்று ஒரு பிள்ளையைக் கேட்டால் உடனே பதில் வரும் என்று நாம் எண்ணுகிறோம். அந்தமான் தீவுகளில் அது அத்தனை எளிய கேள்வி அல்ல. முன்பு போர்ட் பிளேர் என்றும், 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜய புரம் என்றும் அழைக்கப்படும் நகரின் மின்னி பே போன்ற பகுதிகளில், வேலையின் நிமித்தம் கடல் கடந்து வந்த குடும்பங்கள் பல உண்டு. தாத்தா பாட்டி இருக்கும் ஊருக்குச் செல்லக் கப்பலில் ஏறினால், சென்னைத் துறைமுகத்தை அடைய ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகும். பெரியப்பா, அத்தை என்னும் உறவுகளைத் தொலைபேசியின் குரலாக மட்டுமே அறிந்து வளரும் பிள்ளைகள் அங்கே உண்டு. மாற்றல் உத்தரவு வந்தால் பள்ளித் தோழரையும் விட்டுப் போகவேண்டும். இத்தகைய பிள்ளைகள் மும்பையிலும் சூரத்திலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். "நான் யாருடையவன்?" என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி அவர்களுக்குள் இருக்கிறது. இம்மாதப் பாடம் அதற்கு வேதம் தரும் பதிலைப் பற்றியது.

1. வீடு தேவன் தந்த ஈவு

குடும்பத்தைக் குறித்த பாடத்தை, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் நிற்கும் படத்தோடு தொடங்குவது நம் வழக்கம். தகப்பனை இழந்த பிள்ளையும், விடுதியில் வளரும் பிள்ளையும், பெற்றோர் பிரிந்து வாழும் பிள்ளையும் அந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தலை குனிந்துகொள்ளும். வேதாகமம் அப்படி ஒரே வகைக் குடும்பத்தை மட்டும் காட்டவில்லை. மோசே பார்வோன் குமாரத்தியின் வீட்டில் வளர்ந்தான். தாய் தகப்பனற்ற எஸ்தரை மொர்தெகாய் வளர்த்தான். தீமோத்தேயுவுக்கு விசுவாசத்தைக் கற்றுத் தந்தவர்கள் பாட்டியாகிய லோவிசாளும் தாயாகிய ஐனிக்கேயாளும். விதவையான மருமகள் ரூத், விதவையான மாமியாரோடு வேறொரு தேசத்திற்குப் போய் அவளுடைய ஜனத்தைத் தன் ஜனமாக்கிக் கொண்டாள். தனித்திருப்போரைக் குடும்பத்தில் சேர்க்கிறவர் தேவன் என்று 68ஆம் சங்கீதம் அறிவிக்கிறது.

ஆகவே, "உன் பெற்றோரை வரை" என்று சொல்லாமல், "உனக்குச் சோறிடுகிறவர், நீ வியாதிப்படும்போது அருகில் இருக்கிறவர், உனக்காக ஜெபிக்கிறவர் யாரோ அவர்களை வரை" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வரைவதற்கு யாராவது ஒருவர் இருப்பார். யாரையும் வரைய இயலாமல் ஒரு பிள்ளை அமர்ந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு யார் துணை என்பதை ஆசிரியர் அன்றே அறியவேண்டும்.

2. நிக்கோபார் மக்களின் துஹேத்

கார் நிக்கோபார் தீவில் குடும்பத்திற்கு வழங்கும் சொல் "துஹேத்". பல தலைமுறையினரும் பல இல்லங்களும் சேர்ந்த பெருங்குடும்பம் அது. மூத்தவர் ஒருவர் தலைவராய் இருந்து நடத்துவார். நிலமும் தென்னந்தோட்டமும் குடும்பம் முழுவதற்கும் உரியவை. விருந்தும் துக்கமும் எல்லாருக்கும் பொது. தாய் தகப்பனை இழந்த குழந்தையை வளர்ப்பது துஹேத்தின் கடமை. ஆதலால் அந்தப் பிள்ளை ஆதரவற்றுப் போவதில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் எழும்பிய ஆழிப்பேரலை, கார் நிக்கோபாரின் கடலோரக் கிராமங்களை வாரிக்கொண்டு போயிற்று. கிறிஸ்துமஸ் ஆராதனையில் கூடியிருந்த குடும்பங்களில் பலர் மறுநாள் இல்லை. தப்பியவர்கள் தீவின் உட்பகுதிக்குச் சென்று தங்கினார்கள். வீடுகளும் படகுகளும் போன அந்நாட்களிலும் துஹேத் என்னும் கட்டு அறுந்துபோகவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளை உறவினர் தங்கள் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "நம் சபையில் ஒரு பிள்ளை இன்று தாய் தகப்பனை இழந்தால், நாளை அது யார் வீட்டில் உண்ணும்?" பிள்ளைகள் பதில் சொல்லட்டும். அந்தப் பதிலிலிருந்து நம் சபையின் நிலை நமக்கே விளங்கும்.

3. இயேசு குடும்பத்தை விரிவாக்கினார்

தாயும் சகோதரரும் வெளியே நின்று தம்மை அழைத்தபோது, தேவனுடைய சித்தத்தைச் செய்கிற எவரும் தமக்குத் தாயும் சகோதரருமானவர்கள் என்று நம் கர்த்தர் உரைத்தார். இதனால் அவர் பெற்ற தாயைத் தள்ளிவிட்டார் என்று எந்தப் பிள்ளையும் எண்ணிவிடக் கூடாது. சிலுவையில் வேதனைப்படும் வேளையிலும் தம் தாயைத் தமக்கு அன்பான சீஷனிடத்தில் ஒப்புவித்தவர் அவர். காணிக்கையைச் சாக்காகச் சொல்லிப் பெற்றோரைப் பராமரியாமல் விட்டவர்களை அவர் கடிந்துகொண்டதையும் மாற்கு 7ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

இரத்த உறவை அவர் அழிக்கவில்லை. அதன் வாசலை அகலத் திறந்தார். சிலுவையடியில் நடந்ததும் அதுவே. மரியாளுக்கு அன்று ஒரு மகன் கிடைத்தான். யோவானுக்கு ஒரு தாய் கிடைத்தாள். அந்நேரமுதல் அவள் அவனுடைய வீட்டில் இருந்தாள். தேவனுடைய குடும்பம் என்பது பாட்டில் மட்டும் இருக்கும் சொல் அல்ல. அதற்கு அடுப்பும் பாயும் உண்டு.

4. தீவுகளில் கூடிய குடும்பம்

ஒரு தீவுக் கூட்டத்திற்குள் தேவன் எத்தனை ஜனங்களைக் கூட்டிச் சேர்த்திருக்கிறார் என்று பாருங்கள். 1918ஆம் ஆண்டு முதல் சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆதிவாசி மக்கள் அங்கே "ராஞ்சி மக்கள்" என்று அழைக்கப்படுகிறார்கள். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். 1925ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்து மாயாபந்தர் அருகே வெபி என்னும் கிராமத்தில் குடியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாப்டிஸ்ட் விசுவாசிகள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன.

இவர்களுக்கு முன்னரே, 1896ஆம் ஆண்டில், வேதப்பன் சாலமோன் என்னும் தமிழர் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்திற்குச் சென்று பள்ளி நடத்தினார். அவரிடம் பயின்ற சிறுவர்களில் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவின் மாந்தலேயில் மேற்கல்வி கற்ற அவர் தம் தீவுக்கே திரும்பி ஆசிரியரானார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தீவுகளைப் பிடித்திருந்த காலத்தில், தம் மகனைப் பறிகொடுத்தார். 1950ஆம் ஆண்டில் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1952ஆம் ஆண்டின் முதல் மக்களவையில் தீவுகளின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். தம் மக்களின் மொழியில் வேதாகமம் கிடைக்க உழைத்தவரும் அவரே.

மொழி அறியாத தீவுக்குப் போன ஒரு தமிழ் ஆசிரியர். அவரிடம் கற்ற ஒரு தீவுச் சிறுவன். அந்தச் சிறுவனால் கட்டப்பட்ட ஒரு திருச்சபை. இன்று அந்தத் திருச்சபையின் துஹேத்திலிருந்து தமிழ்ப் பிள்ளைகளாகிய நாம் குடும்பம் என்றால் என்ன என்று கற்றுக்கொள்கிறோம். குடும்பத்தில் கொடுக்கிறவர் என்றும் பெறுகிறவர் என்றும் இரண்டு ஜாதிகள் இல்லை.

அந்தியோகியாவிலிருந்த விசுவாசிகளுக்குச் சுவிசேஷம் எருசலேமிலிருந்து சிதறிப் போனவர்கள் மூலம் வந்தது. பின்பு பஞ்சம் வரும் என்று கேள்விப்பட்டபோது, அவரவர் திராணிக்குத் தக்கதாக அந்தியோகியா சபையார் யூதேயாவிலுள்ள சகோதரருக்கு உதவி அனுப்பினார்கள். பிள்ளைகள் மிஷனெரிக் காணிக்கை போடும்போது இதைச் சொல்லிக்கொடுங்கள். "பாவம், அவர்கள் ஏழைகள்" என்ற இரக்கம் சீக்கிரத்தில் மேட்டிமையாக மாறிவிடும். "அவர்கள் நம் வீட்டார்" என்ற உணர்வில் கொடுக்கிறவர், பெறுகிறவரைத் தமக்குச் சமமானவராகவே காண்பார்.

5. பாடத்தைப் பொய்யாக்கும் காரியம்

இங்கே நாம் நம்மையே சோதித்துப் பார்க்கவேண்டும். "நாம் எல்லாரும் ஒரே குடும்பம்" என்று காலையில் பாடிய பிள்ளை, மாலையில் வீட்டில் என்ன கேட்கிறது? "அவர்கள் வீட்டில் சாப்பிடாதே" என்று கேட்கிறதா? திருமணப் பேச்சில் முதலாவது விசாரிக்கப்படுவது விசுவாசமா, சாதியா? இதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். வகுப்பில் சொல்வதும் வீட்டில் நடப்பதும் முரண்பட்டால், அவர்கள் நம்புவது வீட்டையே.

பேதுருவும் இதில் தடுமாறினார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு பந்தியிருந்தவர், சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அதைச் சாப்பாட்டுப் பழக்கம் என்று விட்டுவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்திற்கு விரோதமான நடை என்று எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார் (கலாத்தியர் 2:11-14). பந்தியில் பிரிவினை உள்ள இடத்தில் எபேசியர் 2ஆம் அதிகாரத்தை மனப்பாடம் செய்வித்துப் பயன் என்ன?

இன்னொரு எச்சரிப்பும் தேவை. தேவனுடைய குடும்பம் என்று கற்பிக்கும்போது, பள்ளியில் உடன் படிக்கும் இந்து, இஸ்லாமிய, சீக்கியத் தோழர்கள் அந்நியர் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வரக்கூடாது. சகல ஜனங்களையும் ஒரே மூலத்திலிருந்து உண்டாக்கியவர் தேவன் என்று பவுல் அத்தேனே பட்டணத்தில் பிரசங்கித்தார். வீட்டில் அன்பைக் கற்ற பிள்ளை அயலானிடத்தில் அதைக் காட்டவேண்டும்.

6. வகுப்பில் செய்ய

• இந்திய வரைபடத்தையும் உலக வரைபடத்தையும் சுவரில் மாட்டுங்கள். பிள்ளைகளின் உறவினர்கள் வாழும் ஊர்களுக்கும், நம் சபை ஜெபிக்கும் பணித்தளங்களுக்கும் நூல் கட்டுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு நூலைப் பிடித்து, அந்த ஊரின் ஒரு பிள்ளைக்காக ஜெபியுங்கள்.

• வேறு மாநிலத்தாரைப்போல் வேடமிட்டு நிற்கச் செய்வதைவிட, வேறு மொழி பேசும் விசுவாசி ஒருவரை வகுப்பிற்கு அழையுங்கள். கர்த்தருடைய ஜெபத்தை அவர் தம் மொழியில் சொல்ல, பிள்ளைகள் கேட்கட்டும்.

• மாதம் ஒருமுறை, குடும்பத்தை விட்டுத் தூரமாய் இருக்கும் ஒருவரை — மாணவரோ, தொழிலாளியோ, விதவையோ — வீட்டில் உணவிற்கு அழையும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பரிமாறும் வேலை பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்.

சிந்திக்க

1. நம் சபைக்குப் புதிதாய் வந்த குடும்பத்தின் பிள்ளைகளுடைய பெயர் நமக்குத் தெரியுமா?

2. சென்ற ஆண்டில் நம் வீட்டுப் பந்தியில் அமர்ந்த, நம் சாதியையோ மொழியையோ சேராத விசுவாசி யார்?

ஜெபிப்போம்

பரலோகத்திலும் பூலோகத்திலுமுள்ள குடும்பங்கள் அனைத்திற்கும் பிதாவானவரே, வீட்டை விட்டுத் தூரமாய் வளரும் பிள்ளைகளை நினைத்தருளும். எங்கள் வீட்டு வாசல்களை அவர்களுக்காகத் திறக்க எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் பந்தியிலுள்ள பிரிவினைகளை நீக்கியருளும். தீவுகளிலுள்ள உமது ஜனத்தைக் காத்து ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.