ஃபைல் டிரான்ஸ்ஃபருக்கு பிராக்ஸி விதிகள்: முழுமையான வழிகாட்டி

காந்திகிராமப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், சின்னாளபட்டியில், இருபது கம்ப்யூட்டர் உள்ள ஒரு சென்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே பிராக்ஸி சர்வர் வழியாகத்தான் வெளியே போகின்றன. வெப்சைட் எல்லாம் திறக்கிறது. சுங்குடிச் சேலை டிசைன் ஃபைலை வெளியூர் சர்வரில் ஏற்றப் போனால் மட்டும் மக்கர். சில நேரம் லாகின் ஆகும், ஃபோல்டர் பட்டியல் வராது. நெட் ஸ்லோ என்று சொல்லி விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல.

கோளாறு எங்கே?

ஃபைல் அனுப்பப் பயன்படும் எஃப்.டி.பி. நெறிமுறையின் முதல் வரைவை 1971-இல் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் பேட்ச் மாணவர். ஃபயர்வால், பிராக்ஸி எல்லாம் வருவதற்கு முந்தைய காலம் அது. எஃப்.டி.பி. இரண்டு இணைப்புகளில் வேலை செய்கிறது. லாகினும் கட்டளைகளும் 21-ஆம் போர்ட்டில் போகும். ஃபைலும் ஃபோல்டர் பட்டியலும் தனி இணைப்பில் வரும். ஆக்டிவ் முறையில் அந்த இரண்டாவது இணைப்பை சர்வரே நம் கம்ப்யூட்டரை நோக்கித் தொடங்கும். பிராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் நமக்கு அது எட்டாது. பேசிவ் முறையில் சர்வர் ஒரு பெரிய போர்ட் எண்ணைச் சொல்லும், நாம் அங்கே போக வேண்டும். 21-ஐ மட்டும் திறந்தால் லாகினோடு நின்றுபோவது இதனால்தான்.

ஃபைல் அனுப்பும் இன்னொரு முறையான எஸ்.எஃப்.டி.பி.க்கு இந்தத் தொல்லை கிடையாது. 22-ஆம் போர்ட் ஒன்றே போதும், பாஸ்வேர்டும் மறைகுறியாக்கப்பட்டே போகும். சர்வர்காரர் இரண்டும் தருகிறார் என்றால் யோசிக்காமல் இதையே கேளுங்கள்.

படி 1: கேட்டு வாங்க வேண்டியவை

சர்வரின் ஐ.பி. முகவரி, எஃப்.டி.பி.யா எஸ்.எஃப்.டி.பி.யா, எஃப்.டி.பி. என்றால் பேசிவ் போர்ட் வரம்பு (உதாரணமாக 50000 முதல் 50100 வரை). வரம்பு தெரியாமல் 1025 முதல் 65535 வரை மொத்தமாகத் திறந்துவிடாதீர்கள்.

படி 2: ஸ்குவிடில் விதி எழுதுதல்

பிராக்ஸிக்கு ஸ்குவிட் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் வழக்கமான போர்ட் 3128. கட்டளைப் பெயர்களை இங்கே உச்சரிப்பில் தருகிறேன், ஃபைலில் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

முதலில் கான்ஃபிக் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பிறகு 'ஏ.சி.எல்.' வரிகளில் மூன்று பெயர்களை வரையறுங்கள்: நம் கம்ப்யூட்டர்கள் (எஸ்.ஆர்.சி., உதாரணமாக 192.168.10.0/24), வெளியூர் சர்வர் (டி.எஸ்.டி., அதன் ஐ.பி.), அனுமதிக்கும் போர்ட் (எஸ்.எஃப்.டி.பி. என்றால் 22, எஃப்.டி.பி. என்றால் 21-உம் பேசிவ் வரம்பும்). சர்வரைப் பெயரால் குறிப்பிடாமல் ஐ.பி.யால் குறிப்பிடுவது நல்லது. பேசிவ் இணைப்பின் முகவரி எண்ணாகத்தான் வரும்.

அடுத்து, இந்த மூன்றோடு 'கனெக்ட்' என்ற ஏ.சி.எல். பெயரையும் ஒரே 'எச்.டி.டி.பி. ஆக்சஸ் அலவ்' வரியில் எழுதுங்கள். 'கனெக்ட்' என்பது நம் கம்ப்யூட்டர் பிராக்ஸியிடம் வெளியூர் சர்வருக்குத் தனி டனல் கேட்கும் முறை. ஒரே வரியில் இருப்பவை எல்லாமே பொருந்தினால்தான் அனுமதி கிடைக்கும். தனித்தனி வரியாகப் பிரித்தால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே கதவு திறந்துவிடும், எச்சரிக்கை!

வரியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் புதியவர்கள் கோட்டை விடுவார்கள். ஸ்குவிட் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். ஸ்குவிடோடு வரும் ஃபைலிலேயே, 'சேஃப் போர்ட்ஸ்' பட்டியலில் இல்லாத போர்ட்டைத் தடுக்கும் வரி ஒன்றும், 443 தவிர வேறெதற்கும் கனெக்ட் கூடாது என்ற வரி ஒன்றும் உண்டு. 22 அந்த சேஃப் பட்டியலில்கூட இல்லை. ஆகவே நம் வரி இந்த இரண்டுக்கும் மேலே வர வேண்டும். கடைசி வரியான 'டினை ஆல்' அப்படியே இருக்கட்டும்.

சேவ் செய்ததும் 'ஸ்குவிட் கே பார்ஸ்' கட்டளையால் பிழை பாருங்கள் ('கே'க்கு முன்னால் ஒரு ஹைஃபன்). பிழை இல்லையென்றால் அதே இடத்தில் 'பார்ஸ்'க்குப் பதில் 'ரீகான்ஃபிகர்' என்று கொடுத்துப் புதிய விதியை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள்.

படி 3: ஃபைல்ஜில்லாவில்

ஃபைல் ஏற்றும் மென்பொருளான ஃபைல்ஜில்லாவைத் திறந்து, எடிட், செட்டிங்ஸ், ஜெனரிக் பிராக்ஸி என்று போய் எச்.டி.டி.பி. வகையைத் தேர்ந்தெடுத்து பிராக்ஸியின் முகவரியும் 3128-உம் கொடுங்கள். பக்கத்திலேயே 'எஃப்.டி.பி. பிராக்ஸி' என்று இன்னொரு பகுதி இருக்கும். அது வேறு வகை பிராக்ஸிக்கு உரியது, தொடாதீர்கள். டிரான்ஸ்ஃபர் மோடு 'பேசிவ்' ஆக இருக்கட்டும். பிரவுசரிலேயே எஃப்.டி.பி. திறந்த காலம் போய்விட்டது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இல் அந்த வசதியை எடுத்துவிட்டன.

படி 4: லாகைப் பாருங்கள்

ஒரு சின்ன ஃபைலை ஏற்றி, ஃபைல்ஜில்லாவை மூடிவிட்டு, ஸ்குவிடின் ஆக்சஸ் லாகைத் திறந்து பாருங்கள். 'டினைட்', 403 என்றிருந்தால் விதி தடுத்திருக்கிறது. வரியில் உள்ள போர்ட் எண்ணைப் பார்த்தால் எது விட்டுப்போனது என்று தெரிந்துவிடும். 'டனல்', 200 என்றால் சரி. இணைப்பு முடிந்த பிறகே அந்த வரி பதிவாகும். ஃபைல்ஜில்லா திறந்திருக்கும்போதே லாகில் தேடிவிட்டு 'ஒன்றுமே வரவில்லை' என்று விதியை மாற்றத் தொடங்காதீர்கள்.

சோதனைக்காக 'அலவ் ஆல்' போட்டுப் பார்த்திருந்தால், வீட்டுக்குக் கிளம்பும் முன் அதை நீக்கிவிடுங்கள்.