ஃபெயிலா? ஆப்சென்ட்டா?



ஏலக்காயைத் தரம் பிரிக்கும் சல்லடையை நம் ஊரில் பார்க்காதவர் யார்? அந்த வேலையைச் செய்யும் சின்ன நிரல் ஒன்றை அறிவியல் கண்காட்சிக்காக ஜாவா மொழியில் எழுதினேன். காயின் அளவை மி.மீ.யில் கொடுத்தால் தரத்தைச் சொல்லும். சரியாகத்தான் சொல்கிறதா என்று பார்க்க, ஜேயூனிட் கொண்டு 6 சோதனைகளும் எழுதினேன். வீட்டு விண்டோஸ் கணினியில் ஆறும் பாஸ்!

கண்காட்சிக்கு முதல் நாள் பள்ளியின் லினக்ஸ் கணினியில் ஓட்டினால், வெறும் பிழைச் செய்திதான். பதறிப்போய், நன்றாக இருந்த நிரலையே அங்கங்கே திருத்தினேன். இரண்டு மணி நேரம் போச்சு. செய்தியைத் தாளில் எழுதிக்கொண்டு போய், கல்லூரியில் படிக்கும் பெரியப்பா மகனிடம் காட்டினேன். அண்ணன் சிரித்தார். "தம்பி, உன் சோதனை ஃபெயில் ஆகலைடா. பரீட்சை ஹாலுக்கே வரலை. இது ஆப்சென்ட்!"

போடியிலிருந்து மெட்டு ஏறும் தோட்ட ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவரிடம் எழுதிக் கொடுத்த எஸ்டேட்டுக்கு மட்டும்தான் வண்டி போகும். ஜாவாவும் அப்படித்தான். கோப்புகளை எங்கெங்கே தேட வேண்டும் என்ற பட்டியலுக்குப் பெயர் கிளாஸ்பாத். கோப்பு கணினியிலேயே இருந்தாலும், பட்டியலில் இடம் இல்லையென்றால் ஜாவாவுக்கு அது இல்லாததுதான்.

கவனிக்க வேண்டியவை:

1. பிரிப்புக் குறி: பட்டியலின் இடங்களுக்கு நடுவே விண்டோஸில் அரைப்புள்ளி (;), லினக்ஸில் முக்காற்புள்ளி (:). லினக்ஸில் அரைப்புள்ளி போட்டால் கட்டளை அங்கேயே முடிந்துவிடும். நான் செய்த தப்பு இதுவே.

2. ஒற்றைப் புள்ளி (.): நாம் இப்போது நிற்கும் கோப்புறை என்று பொருள். பட்டியலை நாமே கொடுக்கும்போது இதையும் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் நம் சோதனையையே 'காணோம்' என்னும்.

3. துணைக் கோப்பு: ஜேயூனிட் 4.13 ஓட, ஹாம்கிரெஸ்ட் என்ற ஜார் கோப்பும் வேண்டும். அது இல்லாமலே கம்பைல் ஆகிவிடலாம். ஓட்டும்போதுதான் பிழை வரும்.

4. இரட்டைப் பதிப்பு: ஒரே ஜாரின் பழையது, புதியது இரண்டும் இருந்தால், பட்டியலில் முன்னால் நிற்பதையே ஜாவா எடுக்கும்.

மேவன், கிரேடில் போன்ற கருவிகள் இந்தப் பட்டியலைத் தாமே போட்டுக்கொள்ளும். ஆனாலும் 'கிளாஸ் கிடைக்கவில்லை' என்று வந்தால், முதலில் பார்க்க வேண்டியது பட்டியலைத்தான்.

மறுநாள் காலை குறியை மாற்றி ஓட்டினேன். 4 பாஸ், 2 ஃபெயில்! முந்தின நாள் பதற்றத்தில் '8 அல்லது அதற்கு மேல்' என்பதை '8க்கு மேல்' என்று மாற்றியிருக்கிறேன். சரியாக 8 மி.மீ. உள்ள காய் தரம் இறங்கிவிட்டது. இதுதான் உண்மையான ஃபெயில். திருத்தினேன், ஆறும் பாஸ்.

ஆகவே நண்பர்களே, நிரலில் கை வைக்கும் முன் கேளுங்கள்: சோதனை தோற்றதா, வரவேயில்லையா?

தெரியுமா? 1997இல் ஜூரிச்சிலிருந்து அட்லாண்டா சென்ற விமானப் பயணத்தில்தான் கென்ட் பெக், எரிக் காமா இருவரும் ஜேயூனிட்டை எழுதத் தொடங்கினார்கள்!