எங்கள் வீட்டுப் பொமரேனியன்

நன்றிக்கு எடுத்துக்காட்டு நாய் என்று சிறு வகுப்பிலிருந்தே நாம் கட்டுரை எழுதி வருகிறோம். நாயிடம் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் எழுதியதில்லை. அதை எங்களுக்குக் கற்பித்தது எங்கள் 'மணி'.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை ஆகிய ஊர்களின் தெருக்களில் நடந்தால், பல வீட்டு கேட்டுகளுக்குப் பின்னால் வெள்ளைப் பஞ்சுருண்டை போன்ற நாய் ஒன்று குரைப்பதைக் காணலாம். அதைப் பொமரேனியன் என்கிறோம். பால்டிக் கடலோரத்தில் உள்ள பொமரேனியா என்ற பகுதியே இப்பெயருக்குக் காரணம். 1888-இல் இத்தாலி சென்ற விக்டோரியா மகாராணி இவ்வகை நாய்களை வாங்கி வந்து வளர்த்ததால் இவற்றின் புகழ் பரவியது. ஆனால் உண்மையான பொமரேனியன் 2 அல்லது 3 கிலோ எடைதான் இருக்கும். நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும், ஆங்கிலேயர் கொண்டுவந்த ஸ்பிட்ஸ் நாய்களின் வழிவந்த 'இந்திய ஸ்பிட்ஸ்' இனத்தவை. 1994-இல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' என்ற இந்திப் படத்தில் வந்த நாயும் இவ்வினமே.

குணம்

இவை அறிவும் சுறுசுறுப்பும் மிக்கவை. தபால்காரர் தெருமுனைக்கு வரும்போதே குரைக்கத் தொடங்கிவிடும். வீட்டில் ஒருவரிடம் மட்டும் அதிக ஒட்டுதல் கொள்ளும். தனிமையைத் தாங்காது. சிறு குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தால் பொறுக்காமல் கடித்துவிடவும் கூடும். எனவே குழந்தைகளோடு தனியே விடலாகாது.

நாங்கள் செய்த தவறு

சென்ற மே மாதம், வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று மணியின் முடியை ஒட்ட வழித்துவிட்டோம். பிறகு ஒருநாள் மொட்டை மாடியில் தகரக் கூரையின் நிழலில் கட்டி, கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, செங்கற்பட்டில் ஒரு திருமணத்திற்குச் சென்றோம். மாலையில் திரும்பியபோது நிழல் விலகியிருந்தது; கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. மணி எழ முடியாமல், நாக்கு சிவந்து, எச்சில் வழிய, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். தங்கை அழத் தொடங்கினாள்.

பக்கத்து வீட்டு மாமா ஓடி வந்தார். "ஐஸ் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள்!" என்றார். மின்விசிறியின் கீழ்க் கிடத்தி உடல் முழுவதும் நனைத்தோம். பின்பு ஆட்டோவில் மருத்துவரிடம் கொண்டுசென்றோம். அப்போதும் உடல் வெப்பம் 106 டிகிரி பாரன்ஹீட் இருந்தது. நாய்க்கு இயல்பான வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 வரைதான். கடவுள் அருளால் மணி பிழைத்தான்.

மருத்துவர் கற்பித்தவை

நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. இளைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. இதன் முடி இரண்டு அடுக்கு கொண்டது. மேல் அடுக்கு வெயில் தோலில் படாமல் காக்கிறது. எனவே வழிக்கக் கூடாது. வாரம் இரண்டு மூன்று முறை சீவி, உதிர்ந்த உள்முடியை நீக்கினால் போதும். கோடையில் அதிகாலையிலும் இரவிலும் மட்டுமே உலாவ அழைத்துச் செல்ல வேண்டும். அடிக்கடி குளிப்பாட்டாமல், குளித்த பின் முடியின் அடிவரை உலர்த்த வேண்டும். ஈரம் தங்கினால் தோல்நோய் வரும்.

உண்ணியைக் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தேடிப் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் கண்டால் நாய் சோர்ந்து, உணவை வெறுக்கும், ஈறு வெளுக்கும். இவ்வினத்திற்கு மூச்சுக்குழல் மென்மையானது. கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டையே நல்லது. பல்லில் காரை படியும். நாய்களுக்கான பற்பசையால் துலக்க வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நஞ்சு. பிஸ்கட்டால் கொழுத்தால் முழங்கால் மூட்டு கெடும்.

வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போதே தொடங்கி, மருத்துவர் குறிக்கும் நாளில் தவறாமல் போட வேண்டும். வளர்ப்பு நாயே கடித்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். மஞ்சளோ மிளகாயோ வைக்கக் கூடாது. வெறிநோய் முற்றியபின் அதற்கு மருந்தில்லை. நாய்க்குப் பெரிய நோய் என்றால், 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது.

தோழியரே! மணியின் முதுகில் ஓரிடத்தில் இன்னும் முடி பழையபடி வளரவில்லை. அன்பு காரணமாகத்தான் அதை வழித்தோம். அன்போடு அறிவும் வேண்டும் என்பதை அந்த இடத்தைத் தடவும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். 12 முதல் 15 ஆண்டுகள் வரை நம்மோடு வாழும் உயிர் இது. கேட்டுத் தெரிந்துகொண்டு, முடியும் என்றால் மட்டுமே வளர்ப்போம்.