பாலாற்றங்கரையில் மூன்று நாள்

கேள்வி: மலை, மணல்வெளி, வெள்ளைக்காரன் காலத்து ஊர் எல்லாம் ஒரே கார் பயணத்தில் பார்க்க ஆசை. ராஜஸ்தான் போக லீவு இல்லை. நம்ம வேலூர்ப் பக்கம் முடியுமா?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: தாராளமாக. மணலுக்குப் பாலாறே போதும்; ஆண்டில் பாதி நாளுக்கு மேல் தண்ணீரைத் தேடத்தான் வேண்டும். தோல் பதனிடும் கழிவு அதை என்ன பாடு படுத்தியது என்பது 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன கதை.

முதலில் வேலூர்க் கோட்டை. ஜலகண்டேசுவரரைக் கும்பிட்டதும் திரும்பிவிடாதீர்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் பொங்கி எழுந்தது இங்கேதான். மதியம் ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு. ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் 1749-இல் போரில் மாண்டதும் இந்த ஊர்ப் பக்கம்தான். சாயங்காலம் 14 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலகிரி.

என்னைக் கேட்டால் ஏலகிரிக்கு ஓர் இரவு போதும், மிச்சத்தை ஜவ்வாது மலைக்குக் கொடுங்கள். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியே காவலூர். வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. பார்வையாளர் நாளை முன்கூட்டி விசாரியுங்கள். ஜமுனாமரத்தூரில் தங்கிவிட்டு, மறுநாள் அமிர்தி வழியாக இறங்கலாம். மலை ஏறுமுன் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.